பெண்கள் பகுதியில் யார் படமெடுப்பது? வீட்டுக்கு ஓர் எளிய கேமரா



சென்ற நோன்புப் பெருநாளன்று கடப்பாக்கத்தில் எங்கள் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்தோம். உணவு முடிந்தபின் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் அருகில் வந்து, "மாமா, எனக்கு ஒரு கேமரா வேண்டும். நான் இதுவரை கேமராவைத் தொட்டதே இல்லை. சீக்கிரம் பழகிக்கொள்ளக் கூடியதாக எது வாங்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்டாள். உடனே அவளுடைய அத்தா சிரித்தார். "கையில் இருக்கும் ஃபோன் போதாதா? இது வீண் செலவு" என்றார். அதற்கு அவள் சொன்ன பதில் எங்களை அமைதியாக்கியது. "ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து அக்காவுக்கு நிக்காஹ் வருகிறது. பெண்கள் பகுதியில் யார் படமெடுக்கப் போகிறார்கள்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் எங்கள் குடும்பத்தின் பழைய வேதனை ஒன்று இருக்கிறது. பல குடும்பங்களில் நடந்திருக்கக்கூடியது என்பதால் அதைச் சொல்லிவிட்டே தொடர்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு வெளியிலிருந்து படப்பிடிப்பாளரை அழைத்திருந்தோம். மணப்பெண்ணைப் பெண்கள் பகுதியிலும் அவரே படமெடுத்தார். சில மாதங்கள் சென்றபின், எங்கள் உறவினர் ஒருவர் தம் வீட்டு விசேஷத்திற்காக அதே கடைக்குச் சென்றார். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த மாதிரி ஆல்பத்தில் எங்கள் வீட்டுப் பெண்ணின் படம் இருந்தது. கேட்டபோது, "படம் அழகாக வந்திருந்தது, அதனால் வைத்தோம்" என்று சொல்லி உடனே எடுத்துவிட்டார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் அதுவரை எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை கணினிகளில் இருக்கிறது என்பதை எங்களால் இன்றுவரை அறிய முடியவில்லை.

அடுத்த திருமணத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: பெண்கள் பகுதியில் படமே வேண்டாம். அந்த முடிவை யாரும் குறை கூறவில்லை. ஆனால் அந்தத் திருமணத்தில்தான் எங்கள் நன்னிமா கடைசியாக எல்லாப் பேரப்பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் அவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். அன்று அவர்களைச் சூழ்ந்து அமர்ந்திருந்த பெண்களில் எவரிடமும் அந்த நாளின் ஒரு படம்கூட இல்லை.

நம் மானம் அந்நியரின் ஆல்பத்தில் இருப்பதா, அல்லது நம் நினைவுகள் எங்குமே இல்லாமல் போவதா? இந்த இரண்டு மட்டுமே வழி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே என் கருத்து. வீட்டில் ஓர் எளிய கேமரா இருக்கட்டும். அதை வீட்டுப் பெண் ஒருத்தி கற்றுக்கொள்ளட்டும். எடுத்த படங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு எந்தக் கேமரா ஏற்றது என்ற கேள்விக்கும் இந்த நோக்கத்திலிருந்தே விடை தேட வேண்டும்.

ஃபோன் போதாதா?

இன்றைய ஃபோன்கள் எடுக்கும் படங்கள் மிக நன்றாகவே இருக்கின்றன. எளிமையில் ஃபோனை மிஞ்சும் கேமரா இல்லை. பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படமெடுக்கவும், பயணத்தில் ஓர் இடத்தைப் பதிந்துகொள்ளவும் ஃபோனே போதும். அதற்கென்று ஒரு கேமரா வாங்குவது வீண்விரயம்தான்.

சிக்கல் படத்தின் தரத்தில் இல்லை. படமெடுக்கும் கருவியே படத்தை அனுப்பும் கருவியாகவும் இருப்பதுதான் சிக்கல். பல ஃபோன்களில் எடுத்த படம் தானாகவே இணையச் சேமிப்புக்குச் சென்றுவிடுகிறது. அருகிலிருக்கும் ஒருவர் "எனக்கும் அனுப்பு" என்றவுடன் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது; அங்கிருந்து எங்கே போகிறது என்பது நம் கையில் இல்லை. ஃபோன் பழுதானால் முன்பின் அறியாத பழுது நீக்குபவரிடம் அதையே கொடுக்கிறோம்.

கேமராவில் எடுத்த படமோ ஒரு மெமரி கார்டில் இருக்கிறது. அது நகத்தளவே ஆன பொருள். அதை எடுத்துப் பூட்டி வைக்கலாம். அந்தப் படத்தை ஒருவருக்கு அனுப்ப வேண்டுமானால், வேண்டுமென்றே நான்கு வேலைகள் செய்தாக வேண்டும். அந்த நான்கு வேலைகளுக்கு இடையில் "அனுப்பலாமா?" என்று ஒருமுறை யோசிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது. இப்போது பெரும்பாலான கேமராக்களிலும் வைஃபை இருக்கிறது. ஃபோனுக்குத் தானாகப் படம் அனுப்பும் வசதியும் சிலவற்றில் உண்டு. வாங்கிய முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நான் ஆலிம் அல்ல. தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய நபிமொழிகளை முன்வைத்து, புகைப்படத்தையும் தவிர்ப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பேணுதலை நான் மதிக்கிறேன். கையால் உருவம் வரைவது வேறு, கேமராவில் நிழல் பதிவது வேறு என்று கருதி அனுமதித்த அறிஞர்களும் உண்டு. எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்தவரும் 1935-இல் மறைந்தவருமான ஷைக் முஹம்மத் பகீத் அல்முத்தீஈ இதற்காகவே தனி நூல் எழுதினார். உங்கள் வீட்டில் எந்தக் கருத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். அனுமதி என்று கருதும் வீடுகளில் அதை எப்படிப் பொறுப்போடு செய்வது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

கேமரா பற்றிப் பேசும்போது நம்மவர்கள் பெருமையோடு பகிரும் செய்தி ஒன்றையும் திருத்திக்கொள்வது நல்லது. "கேமரா என்பதே கம்ரா என்ற அரபுச் சொல்" என்று அடிக்கடி நமக்குச் செய்தி வருகிறது. அது சரியன்று, அறை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் உண்மையான பெருமை அதைவிடப் பெரியது. 965-இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், ஒளி பொருளில் பட்டுக் கண்ணுக்குள் வருவதாலேயே நாம் பார்க்கிறோம் என்பதை 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில் சோதனைகளோடு விளக்கினார். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே வரும் ஒளி பிறை வடிவப் பிம்பமாக விழுவதை ஆராய்ந்து தனியாக எழுதினார். இருட்டறை, அதில் ஒரு துளை, எதிர்ச்சுவரில் தலைகீழான பிம்பம்: இன்றைய கேமராவும் அந்த இருட்டறைதான். பொய்யான செய்தியைப் பகிர வேண்டிய தேவை நமக்கில்லை.

எளிமை என்றால் என்ன?

கடைக்குச் சென்றால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் கணக்கு. அதற்கு மயங்க வேண்டாம். நாம் ஆல்பத்தில் ஒட்டும் 4 × 6 அங்குலப் படத்தை நேர்த்தியாக அச்சிட, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம், 1200 × 1800 புள்ளிகள் போதும். அது ஏறத்தாழ 2.2 மெகாபிக்சல். ஏ4 தாளின் முழு அளவுக்கும் 9 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். இன்று விற்கும் பெரும்பாலான கேமராக்களில் இதைவிட அதிகமாகவே இருக்கிறது. எனவே 24-ஐ விட 32 மேல் என்று கூடுதல் பணம் கொடுப்பதில் தொடக்கநிலையினருக்குப் பயன் இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருக்கும் சென்சார் எவ்வளவு பெரியது என்பதே. ஒளியை வாங்கும் தகடு அது. விலை குறைந்த சிறு காம்பாக்ட் கேமராக்களில் அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். 'ஒரு அங்குல' சென்சார் என்று சொல்லப்படும் வகையில் 116. ஏபிஎஸ்-சி எனப்படும் வகையில், கேனான் கேமராக்களை எடுத்துக்கொண்டால், சுமார் 330. பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. மண்டபத்தின் மங்கிய விளக்கில், இரவு மருதாணி வைக்கும் அறையில், மின்சாரம் போன வீட்டில் தெரியும். சிறிய சென்சாரில் படம் புள்ளி புள்ளியாகக் குழம்பும். பெண்கள் பகுதியில் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை இத்தகைய வெளிச்சத்தில்தான் எடுக்கப்படுகின்றன. ஆகவே நம் நோக்கத்திற்கு ஒரு அங்குலம் அல்லது ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவே ஏற்றது.

அடுத்தது எடை. கனமான கேமரா அலமாரியில் உறங்கும். கேனான் ஈஓஎஸ் 1500டி என்னும் டிஎஸ்எல்ஆர், பேட்டரியோடு ஏறத்தாழ 475 கிராம்; கூட வரும் 18-55 லென்ஸைச் சேர்த்தால் 650 கிராமைத் தாண்டும். 2023-இல் வந்த ஈஓஎஸ் ஆர்50 என்னும் மிரர்லெஸ் கேமரா, பேட்டரியோடு 375 கிராம். 18-45 லென்ஸோடு சேர்த்தும் அரைக் கிலோ அளவே. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறுகையில் கேமராவைப் பிடிக்கும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு பெரியது.

மூன்றாவது, திரை. ஆர்50-இன் திரை பக்கவாட்டில் திறந்து திரும்பும். தொட்டால் அந்த இடத்தில் ஃபோகஸ் ஆகும். ஃபோனில் பழகிய விரலுக்கு இது எளிது. அதே ஆண்டு வந்த, அதைவிட விலை குறைந்த ஆர்100-இலும், 1500டி-யிலும் திரை நிலையானது, தொடுதிரையும் அல்ல. நிக்கானின் இஸட்30, சோனியின் இஸட்வி-இ10 ஆகியவை நல்ல கேமராக்களே. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இவற்றில் கிடையாது. கடற்கரை வெயிலில் திரையில் எதுவும் தெரியாதபோதுதான் அதன் அருமை தெரியும். விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கடைக்குச் சென்று கையில் பிடித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில், யாரும் சொல்லித் தராமல், படம் எடுக்கவும், எடுத்ததைப் பார்க்கவும், அழிக்கவும் உங்கள் மகளால் முடிகிறதா? முடிந்தால் அது எளிய கேமரா.

லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு, ஒரு அங்குல சென்சார் உள்ள சட்டைப்பை கேமராக்கள் உண்டு. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை 2012-இல் தொடங்கியது. கேனானின் ஜி7 எக்ஸ் வரிசையும் அத்தகையது. கடலிலும் உப்பங்கழியிலும் இறங்கி எடுக்கவே வேண்டும் என்பவர்களுக்கு ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போன்றவை 15 மீட்டர் ஆழம் வரை நீர் தாங்கும். ஆனால் சென்சார் சிறியது, திருமண மண்டபத்திற்கு அது உகந்ததன்று. எல்லாவற்றையும் செய்யும் ஒரே கேமரா என்று ஒன்றில்லை. எதற்காக வாங்குகிறோம் என்ற நிய்யத் தெளிவாக இருந்தால் தேர்வும் தெளிவாகிவிடும்.

கேமராவோடு வரும் லென்ஸையே முதல் ஆறு மாதம் பயன்படுத்துங்கள். பிறகும் மங்கிய வெளிச்சம் தடையாக இருந்தால், எஃப்/1.8 அளவுத் துளையுள்ள ஒரு லென்ஸ் வாங்கலாம். கூட வரும் லென்ஸை நீட்டிய நிலையில் அதன் துளை எஃப்/5.6 அல்லது அதற்கும் குறைவு. எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் விலை குறைவு என்று பலரும் வாங்குவார்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் அது நெருக்கமாகக் காட்டுவதால் சிறிய அறையில் சுவர்வரை பின்னால் போக வேண்டியிருக்கும். நம் வீட்டு அறைகளுக்கு 35 அல்லது அதற்குக் குறைந்த மில்லிமீட்டரே வசதி.

வளைகுடாவிலிருந்து வரும் சகோதரரிடம் வாங்கிவரச் சொல்வது நம் வழக்கம். கேமராவின் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும். விலையில் மிச்சமாவதைப் பழுதுச் செலவில் இழக்க நேரிடலாம். உத்தரவாத அட்டையை முன்பே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீண்விரயமா?

என் மைத்துனரின் கேள்வி நியாயமானது. திருக்குர்ஆனின் 17-ஆம் அத்தியாயம் 26, 27-ஆம் வசனங்கள் வீண்விரயத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றன என்பதை அறியாதவர் நம்மில் இல்லை. ஆகவே கணக்குப் பார்த்தே பேசினோம். ஒரு திருமணத்திற்குப் படப்பிடிப்பாளருக்கும் ஆல்பத்திற்கும் நாம் கொடுக்கும் தொகையை எண்ணிப் பாருங்கள். பெண்கள் பகுதிக்கென்று தனியாகக் கொடுக்கும் பங்கை மட்டும் நான்கைந்து விசேஷங்களுக்குச் சேர்த்தால், ஒரு நல்ல கேமராவின் விலைக்கு அருகில் வந்துவிடும். அதையும் ஒரு வீடே வாங்க வேண்டும் என்பதில்லை. அண்ணன் தம்பி வீடுகள் மூன்று சேர்ந்து ஒன்று வாங்கலாம். பழைய கேமராவையும் வாங்கலாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது, சென்சாரிலும் லென்ஸிலும் பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பின்னர்தான் விரயம் தொடங்குகிறது. இன்னொரு லென்ஸ், இன்னொரு பை, அடுத்த ஆண்டு புதிய மாடல் என்று மனம் இழுக்கும். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், இரண்டு மெமரி கார்டு, ஒரு கூடுதல் பேட்டரி. இதற்கு மேல் கேட்டால், இருப்பதைக் கொண்டு நூறு நல்ல படங்கள் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

படப்பிடிப்பாளர்களின் பிழைப்பில் கை வைக்கிறீர்களே என்று ஒரு சகோதரர் கேட்டார். நம்பிக்கைக்குரியவர்கள் அத்தொழிலில் நிறைய இருக்கிறார்கள். ஆண்கள் பகுதிக்கு அவர்களையே அழைப்போம். பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளர் கிடைத்தால், படங்களை ஒப்படைத்தபின் தம்மிடம் பிரதி வைத்துக்கொள்வதில்லை என்று எழுத்தில் பேசிக்கொண்டு அவரையே அழையுங்கள். நம் பெண்களில் சிலர் இதையே ஹலாலான தொழிலாகக் கற்றுக்கொண்டால் அதுவும் நன்மையே.

ஆலம்பரையில் ஒரு மாதப் பயிற்சி

கேமரா வந்தபின் திருமணத்திற்கு ஐந்து வாரங்கள் இருந்தன. பழகுவதற்கு எங்கள் ஊரிலேயே இடம் இருந்தது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. துறைமுகமாகவும் நாணயம் அச்சிடும் இடமாகவும் விளங்கியது. 1750-இல் முஸஃபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு அளித்தார். 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். எஞ்சியிருந்ததை 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையும் சிதைத்தது.

மருமகளும் அவளுடைய அம்மாவும் நானும் வாரம் இருமுறை சுபுஹு தொழுகைக்குப் பின் அங்கே சென்றோம். கற்றுக்கொண்டவற்றில் மூன்றைச் சொல்கிறேன். எந்தக் கேமராவுக்கும் பொருந்தும்.

முதலாவது, ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. காலையில் கடல்மேல் எழும் சூரியன் கடலை நோக்கிய சுவர்களை நேராக ஒளியூட்டுகிறது. செங்கற்கள் தெளிவாக, பொன்னிறமாகத் தெரிகின்றன. கடலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகமோ கறுத்துவிடுகிறது. ஆளைத் திருப்பி நிறுத்தினாலே பாதிப் பிழை சரியாகிவிடுகிறது. திருமண வீட்டிலும் இதே பாடம்தான்: ஜன்னலுக்கு எதிரே உட்கார வையுங்கள், ஜன்னலை மறைத்து உட்கார வைக்காதீர்கள்.

இரண்டாவது, நம் சமூகத்தவர் எல்லோரும் அறிய வேண்டியது. தானியங்கி முறையில் கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெள்ளைத் துப்பட்டி அணிந்த மூதாட்டியை நெருங்கி எடுத்தால் துணி அழுக்காகத் தெரியும், முகமும் இருளும். கறுப்பு புர்கா அணிந்த பெண்களைக் கூட்டமாக எடுத்தால் கறுப்பு வெளுத்து, முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். இதற்குக் கேமராவில் கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒரு வசதி இருக்கிறது. வெள்ளை நிறைந்த காட்சிக்கு கூட்டல் ஒன்று, கறுப்பு நிறைந்த காட்சிக்கு கழித்தல் ஒன்று. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதால் அவளுடைய படங்கள் ஒரே வாரத்தில் மாறின. அந்தக் குறியை எளிதில் மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, உப்பும் மணலும். கடற்கரையில் ஒருபோதும் லென்ஸைக் கழற்றக் கூடாது. வீடு திரும்பியதும், சற்றே ஈரமான மென்துணியால் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். நம் கடலோரக் காற்றில் பூட்டிய தோல் பையில் ஒரு மழைக்காலம் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.

ஒருநாள் உப்பங்கழியில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவப் பெண்மணியை அவள் தூரத்திலிருந்து குறிவைத்தாள். நான் தடுக்குமுன் அவளுடைய அம்மாவே கேமராவைத் தாழ்த்தினாள். "உன் படத்தை ஒருத்தர் கேட்காமல் எடுத்தால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். மருமகள் அருகே சென்று அனுமதி கேட்டாள். அந்தப் பெண்மணி முதலில் மறுத்து, பிறகு தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "இப்போ எடும்மா" என்றார். அடுத்த வாரம் அச்சிட்ட பிரதி ஒன்றை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். பிறர் வீட்டில் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. பிறர் முகமும் அப்படி ஒரு வீடுதான் என்பதை அன்று நானும் உணர்ந்தேன். நம் வீட்டுப் பெண்ணின் படத்திற்காக வேதனைப்பட்ட நாம், மற்றவர் வீட்டுப் பெண்ணிடம் அதே தவற்றைச் செய்யலாகாது.

அமானிதம்

கேமரா வைத்திருப்பவரிடம் மற்றவர்களின் முகங்கள் அமானிதமாக இருக்கின்றன. எங்கள் வீட்டில் வகுத்துக்கொண்ட ஒழுங்குகளை இங்கே தருகிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

படமெடுக்குமுன் கேட்பது. வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. "ஒண்ணுதானே" என்று கெஞ்சுவதும் இல்லை. பின்னர் மனம் மாறி "அழித்துவிடு" என்றால் அவர் கண்முன்னே அழிப்பது.

பெண்கள் பகுதியில் எடுத்த படங்களுக்குத் தனி மெமரி கார்டு. அன்றிரவே அதை வீட்டுக் கணினியில் இணைத்து, இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுப்பது. ஒன்று எங்கள் வீட்டில், மற்றொன்று தங்கை வீட்டில். ஒரே பிரதியை நம்பினால், ஒருநாள் டிஸ்க் பழுதாகும்போது எல்லாம் போய்விடும். கடலோரத்தில் வாழும் நமக்கு, வீடே நீரில் மூழ்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கார்டை ஃபார்மேட் செய்துவிட்டால் படம் அழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சாதாரணமாக ஃபார்மேட் செய்த கார்டிலிருந்து மென்பொருள் கொண்டு படங்களை மீட்டுவிட முடியும். எனவே பயன்படுத்திய கார்டை யாருக்கும் விற்பதோ கொடுப்பதோ இல்லை. பழுதானால் உடைத்தே எறிகிறோம். கேமராவைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது கார்டை எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறோம்.

அச்சிடுவதற்கும் கடைக்கு மொத்தக் கோப்பைக் கொடுப்பதில்லை. தேர்ந்தெடுத்த சிலவற்றை வீட்டிலேயே சிறிய பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்கிறோம். தரம் சற்றுக் குறையலாம். மனம் நிம்மதியாக இருக்கிறது.

தந்தையருக்கு ஒரு வார்த்தை

மகளின் கையில் கேமரா கொடுப்பதில் சிலருக்குத் தயக்கம் உண்டு. கூட்டத்தில் முன்னால் நிற்பாளே, வீணாகப் பொழுது போக்குவாளே என்று அஞ்சுகிறார்கள். ஆனால் பெண்கள் பகுதியில் படம் வேண்டும் என்று நாம்தான் விரும்புகிறோம். அதை எடுக்க அந்நிய ஆடவரை உள்ளே அனுமதிக்கும் நாம், சொந்த மகள் எடுப்பதற்குத் தயங்குவது எந்த வகைப் பேணுதல்? அவளுக்குக் கருவியைக் கொடுங்கள். ஒழுங்கையும் சேர்த்துக் கொடுங்கள். குடும்பத்தின் மானத்தை அவள் கையில் ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், அவள் அதை நம்மைவிடக் கவனமாகக் காப்பாள்.

திருமணம் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மருமகள் அன்று எடுத்தவை நானூறுக்கும் மேல். அவற்றில் பாதிக்கு மேல் ஆட்டமும் இருளுமாக இருந்ததாக அவளே சொன்னாள். ஆண்களாகிய நாங்கள் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை, பார்க்கவும் கேட்கவில்லை. ஆனால் பெண்கள் எல்லோரும் ஓர் அறையில் அமர்ந்து, கணினியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பலமாகச் சிரித்த சத்தம் திண்ணைவரை கேட்டது. பல ஆண்டுகளாகப் படத்திற்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் மூத்த சகோதரியும் அன்று நேராகப் பார்த்து உட்கார்ந்தார்களாம். என் மைத்துனர் என்னிடம் மெதுவாக, "அந்த இன்னொரு பேட்டரி எவ்வளவு?" என்று விசாரித்தார்.

நம் கண்களையும் கைகளையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களையும் பேணி நடக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.